கீமோ முதலா, ஆப்பரேஷன் முதலா: அக்காவுக்கு வைத்தியம் பார்த்த கேன்சர் பிரிவு பற்றி

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் வடக்குப் பக்கம் உள்ள ஒரு மருத்துவமனையின் கேன்சர் பிரிவுக்கு நான் கொடுப்பது ஐந்துக்கு நாலு. அதற்கு முன்னால் அக்காவுக்கு பயாப்ஸி (சோதனைக்குச் சதைத் துண்டு) எடுத்த தனியார் ஸ்கேன் மையத்துக்கு ஐந்துக்கு ஒன்று. இரண்டின் பெயரையும் போடப் போவதில்லை. சின்னத் தீவு இது. சேந்தாந்த்ரே ஊரில் என் மளிகைக் கடைக்கு அரிசி வாங்க வருகிறவர்களில் பலருக்கு அங்கெல்லாம் யாராவது சொந்தக்காரர் வேலை பார்க்கிறார். ஆனால் நடந்ததை எழுதி வைத்தால், இதே நிலையில் மாட்டிக்கொண்டு நடுராத்திரியில் போனைத் தடவிக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும்.

அக்காவுக்கு வயது 61. காரைக்காலில் பிறந்தவள். அத்தான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், ஓய்வுக்குப் பிறகு குடும்பத்தோடு இங்கே வந்தார், இப்போது இல்லை. அக்காவுக்கு இதயத் துடிப்பில் ஒழுங்கு இல்லாததால் இரத்தம் உறையாமல் இருக்க அபிக்ஸபான் மாத்திரை சாப்பிடுகிறாள். பிரான்சில் 50 வயது முதல் 74 வரை பெண்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இலவச மேமோகிராம் (மார்பு எக்ஸ்-ரே) உண்டு, கடிதம் வீட்டுக்கே வரும். பலர் அதை மின்சார பில்லோடு சேர்த்து ஓரமாக வைத்துவிடுவார்கள். அக்கா ஒருமுறையும் விட்டதில்லை. 2024 கடைசியில் எடுத்த படத்தில் இடது மார்பில் சந்தேகமான கட்டி, தரம் 5 என்று எழுதியிருந்தார்கள். ஐந்து என்றால் பெரும்பாலும் கேன்சர்தான், பயாப்ஸி எடுத்தே ஆகவேண்டும்.

இனி அந்த ஸ்கேன் மையம். டிசம்பர் 19, வியாழக்கிழமை மாலை கடைசி நேரம் கொடுத்தார்கள். கேள்வித்தாளில் அபிக்ஸபான் என்று பெரிய எழுத்தில் நானே எழுதினேன். அதை வாங்கிய பெண் ஃபைலில் சொருகினார். டாக்டர் ஃபைலைத் திறக்கவே இல்லை. மரத்துப்போக ஊசி, அப்புறம் தடித்த ஊசியால் நாலைந்து சதைத் துண்டு, அடையாளத்துக்குக் கட்டிக்குள் கடுகளவு உலோகக் கிளிப், கொஞ்சம் பஞ்சு வைத்து அழுத்தல், ஒரு பிளாஸ்டர், போய் வாருங்கள். கையில் கொடுத்த காகிதத்தில் ஒரே ஒரு தொலைபேசி எண், அதுவும் அலுவலக நேரத்துக்கு மட்டும்.

இரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு பயாப்ஸியே எடுக்கக் கூடாது என்று நினைக்க வேண்டாம். பல நேரம் மருந்தை நிறுத்தாமலே எடுக்கிறார்கள். ஒரு சிலருக்கு இதய டாக்டரைக் கேட்டு ஓரிரு நாள் நிறுத்துகிறார்கள். மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் வரலாம், நிறுத்தாவிட்டால் இரத்தம் கட்டலாம், இரண்டையும் எடை போட வேண்டும். எடை போடுகிறவர் முதலில் காகிதத்தைப் படிக்க வேண்டும். படித்திருந்தால் இன்னும் நெடுநேரம் அழுத்திப் பிடித்திருப்பார்கள், இறுக்கிக் கட்டியிருப்பார்கள், அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்திருப்பார்கள்.

அன்று இரவே மார்பு வீங்கி, அவரைக்காய் நிறத்தில் இருந்து கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது. அந்த எண்ணை அழைத்தால் இயந்திரம் பேசியது. மறுநாள் டிசம்பர் 20, அடிமை முறை ஒழிந்த நாள், தீவு முழுக்க விடுமுறை. அதை ஒட்டி சனி, ஞாயிறு. திங்கள்கிழமை வரை யாரும் போன் எடுக்கப் போவதில்லை என்று தெரிந்தது, நேராக அவசரப் பிரிவுக்கு வண்டியை விட்டேன்.

அங்கே ஒரு நர்ஸ் செய்ததை மறக்க முடியாது. நீல பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, வீக்கத்தின் ஓரம் எங்கே முடிகிறதோ அங்கே தோலின் மேலேயே சுற்றிக் கோடு போட்டார். பக்கத்தில் மணியையும் எழுதினார். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தார், வீக்கம் கோட்டைத் தாண்டி விரலளவு போயிருந்தது. இரண்டாவது கோடு. மூன்றாம் முறை வந்தபோது கோட்டுக்குள்ளேயே நின்றது. “நின்றுவிட்டது, இனி பயமில்லை” என்று கிரயோலில், அதாவது தீவின் பேச்சுமொழியில், சொன்னார். அக்காவுக்குச் சந்தைக் கிரயோல் நன்றாக வரும், டாக்டர்களின் பிரெஞ்சுதான் ஓடாது. அபிக்ஸபானை எப்போது மறுபடி ஆரம்பிப்பது என்று இதயப் பிரிவைக் கேட்டு எழுதியும் கொடுத்தார்கள்.

அதோடு முடியவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் மார்பு சிவந்து சுட்டது, காய்ச்சல் வந்தது. கட்டிய இரத்தத்தில் கிருமி புகுந்து சீழ் வைத்துவிட்டது. அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசியால் உறிஞ்சி, ஒரு சின்னக் குழாய் வைத்து, ஆன்டிபயாடிக் ஆரம்பித்தார்கள். அந்தக் குழாயோடு அக்கா படுத்திருக்கும்போதுதான் பயாப்ஸி முடிவு வந்தது. கேன்சர். ஹார்மோனால் வளராத வகை, ஹெர்-2 (கேன்சர் செல்லை வேகமாக வளர்க்கும் புரதம்) மூன்று பிளஸ், அதாவது மிக அதிகம், கட்டி சுமார் மூன்று சென்டிமீட்டர்.

வீட்டுக்குள் அன்றைக்கே சண்டை ஆரம்பம். காரைக்காலில் இருந்து பெரியம்மா மகன், “கத்தி பட்டால் பரவிவிடும், ஏற்கெனவே ஊசி குத்தித்தான் இப்படி ஆச்சு, பேசாமல் நாட்டு வைத்தியம் பார்” என்றான். பாரீஸில் இருக்கும் அக்கா மகள், “உடனே வெட்டி எடுக்கச் சொல்லுங்க மாமா, இல்லாட்டி அம்மாவை விமானத்தில் ஏத்துங்க” என்றாள். அக்கா யாரிடமும் பேசவில்லை. குழாயை வெறித்துக்கொண்டு படுத்திருந்தாள். கட்டி அங்கே வளர்ந்துகொண்டிருக்கிறது, இவர்கள் சீழுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்களே என்ற பதைப்பு எல்லோருக்கும் ஒன்றுதான்.

நாலு மதிப்பெண் கொடுக்க வைத்த ஆட்கள் இங்கேதான் வருகிறார்கள்.

பிரான்சில் கேன்சர் நோயாளிக்கு ஒரு டாக்டர் தனியாக முடிவெடுக்க முடியாது. 2003இல் தொடங்கிய தேசியக் கேன்சர் திட்டத்திலிருந்து, அறுவை, கீமோ, கதிர்வீச்சு, ஸ்கேன், நோய்க்கூறு டாக்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி எழுத்தில் முடிவு தர வேண்டும். இங்கே எல்லோரும் அதை ஆர்.சே.பே என்கிறார்கள். அந்தக் கூட்டம் முடிந்த பிறகு நோயாளியை உட்கார வைத்து விளக்கும் சந்திப்பு, அதை ஒட்டி நர்ஸோடு தனிச் சந்திப்பு. சட்டத்தில் எழுதியிருப்பது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்காது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே நடந்தது.

அறுவை டாக்டர் ஒரு பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும். முதல் கேள்வியே நான் கேட்டேன்: ஏன் இன்றைக்கே வெட்டி எடுக்கக் கூடாது? அவர் அவசரப்படாமல் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். சீழ் பிடித்த இடத்தில் கத்தி வைத்தால் காயம் சேராது, பிரிந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். இரத்தம் கட்டிய இடம் முழுவதையும் சேர்த்து எடுக்க வேண்டி வரும், தேவைக்கு மேல் மார்பு போகும். காயம் ஆறாமல் இழுத்தால் அதற்குப் பின்னால் வரவேண்டிய கீமோவும் தள்ளிப் போகும். ஆப்பரேஷனுக்குப் பிறகு கீமோ வழக்கமாக நாலு முதல் ஆறு வாரத்தில் தொடங்க வேண்டும், மூன்று மாதத்தைத் தாண்டினால் பலன் குறைகிறது. ஆக, அவசரப்பட்டு வெட்டினால் மொத்தத்தில் தாமதம்தான்.

அக்கா அதுவரை வாயே திறக்கவில்லை. சட்டென்று என்னிடம் தமிழில், “ஈரச் சுவத்துல சுண்ணாம்பு அடிச்சா நிக்குமாடா, அதைத்தான் சொல்லுறாங்க” என்றாள். மொழிபெயர்த்தேன். டாக்டர் சிரித்துவிட்டு எழுதி வைத்துக்கொண்டார்.

அப்புறம் கீமோ டாக்டரின் பங்கு. சீழ் வைத்த உடம்பில் கீமோவும் போட முடியாது. கீமோ போட்டு ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நேரம் உள்ளே கிருமி இருந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் முதலில் சீழ் ஆறட்டும். ஆனால் ஹெர்-2 வகைக்கு, கட்டி இந்த அளவில் இருந்தால், கீமோ முதலில், ஆப்பரேஷன் பிறகு என்பதுதான் வழி. பயாப்ஸியில் சிக்கல் வந்ததால் மாற்றிய வரிசை இல்லை இது, சிக்கல் வராமல் இருந்தாலும் இதுதான் வரிசை. மருந்து முதலில் போனால் கட்டி கரைகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். ஆப்பரேஷனில் எடுத்த சதையில் உயிருள்ள கேன்சர் செல் மிச்சம் இருந்தால் பின்னால் வேறு மருந்துக்கு மாறலாம். முதலிலேயே வெட்டிவிட்டால் அந்தத் தகவல் கிடைக்காது.

ஊசி குத்தினால் பரவுமா என்பதையும் கேட்டேன், பெரியம்மா மகனுக்காக. ஊசி போன வழியில் சில செல்கள் இடம் மாறுவது உண்டு, ஆனால் அதனால் நோய் திரும்புவது கூடுகிறது என்று தெரியவரவில்லை, கீமோவும் கதிர்வீச்சும் அந்த இடத்தையும் பார்த்துக்கொள்ளும் என்றார். பயாப்ஸி இல்லாமல் இது ஹெர்-2 என்றே தெரிந்திருக்காது. மார்பு வீங்கியதற்குக் காரணம் இரத்தம், கட்டி இல்லை என்று இரண்டு முறை சொன்னார். அந்த ஒரு வரிக்காகவே அக்கா அன்று இரவு தூங்கினாள்.

ஒருங்கிணைப்பு நர்ஸுக்குத்தான் என் முழு மதிப்பெண்ணும். மனிதர் ஒரு ஏ4 தாளை எடுத்து ஜனவரி, பிப்ரவரி கட்டம் போட்டார். பிப்ரவரி நடுவில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு: நோய் உறுதியானதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் முதல் கீமோ போயாக வேண்டும், அந்தக் கோட்டைத் தாண்ட நான் விட மாட்டேன் என்றார். கோட்டுக்கு இந்தப் பக்கம் பென்சிலால் மற்றதெல்லாம்: குழாய் எடுப்பது, ஆன்டிபயாடிக் முடிவது, இரத்தத்தில் அழற்சி அளவு இறங்கியதா பார்ப்பது, எம்.ஆர்.ஐ, இதய எக்கோ (இதயத்துக்கு அல்ட்ராசவுண்ட்), கழுத்தெலும்புக்குக் கீழே மருந்து ஏற்றும் போர்ட் வைப்பது. பென்சில் ஏன் என்றால், தேதி மாறும், சிவப்பு மாறாது. மூலையில் அவருடைய நேரடி எண்ணும், இரவுக்கு வேறொரு எண்ணும். இரவு எண்ணை அழைத்தால் மனிதர் எடுத்தார், ஒருமுறை சோதித்தே பார்த்தேன்.

எக்கோ முக்கியம். ஹெர்-2க்குப் போடும் டிராஸ்டுஸுமாப் இதயத்தைப் பலவீனப்படுத்தக் கூடும், அக்காவுக்கோ ஏற்கெனவே துடிப்புக் கோளாறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுத்தார்கள். போர்ட் வைக்கும்போது அபிக்ஸபானை எந்த வேளை நிறுத்தி எந்த வேளை தொடங்குவது என்று கட்டத்தில் தனி நிறத்தில் இருந்தது.

எம்.ஆர்.ஐயைச் சீழ் வற்றிய பிறகுதான் எடுத்தார்கள். இரத்தக்கட்டும் அழற்சியும் இருக்கும்போது எடுத்தால் கட்டி இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும், அக்குள் நெறிக்கட்டியும் கிருமியால் வீங்கியதா கேன்சரால் வீங்கியதா என்று குழம்பும். அதில் ஒன்று கண்டுபிடித்தார்கள். முதல் மையத்தில் வைத்த கிளிப் இரத்தக்கட்டோடு நகர்ந்து கட்டிக்கு வெளியே போய்விட்டது. கீமோவில் கட்டி கரைந்துபோனால், எங்கே வெட்டுவது என்று காட்ட அந்தக் கிளிப் ஒன்றுதான் மிஞ்சும். அதனால் இன்னொரு கிளிப். மறுபடி ஊசியா என்று அக்கா எழுந்து போகப் பார்த்தாள். இந்தமுறை ஊசி எடுத்த பிறகு நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் கையால் அழுத்தியபடி நின்றார். ஒரு பொட்டு நீலம்கூட வரவில்லை.

ஸ்கேன் மையத்துக்கு அந்த ஒரு மதிப்பெண் எதற்கு என்றால், எடுத்த சதை போதுமானதாக இருந்தது, பதப்படுத்தி ஒழுங்காக அனுப்பியிருந்தார்கள். அதனால் ஹார்மோன், ஹெர்-2 எல்லாம் முதல் தடவையிலேயே தெளிவாக வந்தது. அதுவும் கெட்டிருந்தால் இன்னொரு பயாப்ஸி, இன்னும் சில வாரம்.

பிப்ரவரி 7ஆம் தேதி முதல் கீமோ. தோசிடாக்ஸெல், டிராஸ்டுஸுமாப், பெர்டுஸுமாப், 21 நாளுக்கு ஒருமுறை. நகம் கழன்றுவிடாமல் இருக்க உறைபனியில் வைத்த கையுறையை மாட்டிவிடுவார்கள், அதை அக்கா மருந்தைவிட அதிகம் வெறுத்தாள். மறுநாள் வெள்ளை அணு ஏற்றும் ஊசி போட நர்ஸ் வீட்டுக்கே வந்தார். அந்த வாரமே தைப்பூசம். பால்குடம் எடுப்பதாக அக்காவுக்கு வேண்டுதல், கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்றார்கள். என் மகள் எடுத்தாள். அக்கா போனில் பார்த்துக்கொண்டே குடத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று திட்டினாள்.

இரண்டாவது கீமோ பிப்ரவரி 28. அன்றைக்குத்தான் கரான்ஸ் புயல் தீவின் வடக்கில் கரையேறியது. செய்தியில் புயலுக்குப் பெயர் வந்ததுமே ஒருங்கிணைப்பு நர்ஸ் போன் செய்தார்: வெள்ளிக்கிழமை வேண்டாம், அடுத்த வாரம் வைத்துக்கொள்வோம், இரத்தப் பரிசோதனையை மட்டும் மறுபடி எடுக்க வேண்டும், சில நாள் தள்ளினால் ஒன்றும் ஆகாது. எங்கள் பக்கம் மின்சாரமும் தண்ணீரும் போய்விட்டன. சிவப்பு எச்சரிக்கையில் யாரும் வெளியே வரக் கூடாது, அதில் கீமோவுக்குப் போகிறோம் என்று கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. பிறகு ஏப்ரலில் தீவு முழுக்கச் சிக்குன்குன்யா. அக்காவுக்கு 38ஐத் தாண்டிக் காய்ச்சல். கீமோ நடுவில் 38 வந்தால் கொசுவா கிருமியா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது, நேரே வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். போனோம். இரத்தம் எடுத்தார்கள், ஆன்டிபயாடிக் உடனே ஏற்றினார்கள். சிக்குன்குன்யாதான். மூட்டுவலி இன்னும் போகவில்லை, கேன்சரைவிட அதைப் பற்றித்தான் அக்கா இப்போது அதிகம் புலம்புகிறாள்.

ஜூலையில் ஆப்பரேஷன். கடைசிக் கீமோ முடிந்து ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல், உடம்பு தேறவும் வேண்டும், ரொம்பவும் விடக் கூடாது. ஸ்கேனில் கட்டி தெரியவில்லை, இரண்டாவது கிளிப்பை வைத்துத்தான் இடம் பார்த்தார்கள். மார்பை முழுதாக எடுக்கவில்லை. எடுத்த சதையில் உயிருள்ள கேன்சர் செல் இல்லை என்று முடிவு வந்தது. பழைய இரத்தக்கட்டு இருந்த இடத்தில் வெறும் தழும்பு. பிறகு கதிர்வீச்சு, டிராஸ்டுஸுமாப் மொத்தம் ஒரு வருடம்.

பாரீஸுக்கே கூட்டிப் போயிருக்கலாமே என்று இன்னும் கேட்கிறவர்களுக்கு: பிரெஞ்சுச் சட்டப்படி வருடத்துக்கு 70 மார்பகக் கேன்சர் அறுவையாவது செய்யும் இடத்துக்குத்தான் இப்போது அனுமதி. அந்த விதி தீவுக்கும் உண்டு. அக்காவை விமானத்தில் ஏற்றியிருந்தால் சீழோடு போயிருப்பாள், அங்கே போய் மறுபடி முதலிலிருந்து பரிசோதனை.

ஒரு மதிப்பெண் ஏன் குறைத்தேன்? கார் நிறுத்த இடமே கிடையாது. காலை ஏழரைக்கு வரச் சொல்லி, மருந்தகத்திலிருந்து கீமோ பை வர மதியம் ஆகிவிடும், இரத்தப் பரிசோதனை முந்தைய நாளே முடிந்திருந்தாலும். பகல் சாப்பாடு குளிர்ந்த பாஸ்தா, பெர்டுஸுமாப் வயிற்றைக் கலக்கும் என்று தெரிந்தும் தட்டில் பச்சைக் கீரை. நாங்கள் கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும் ஃபிளாஸ்கில் கொண்டு போனோம், யாரும் தடுக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் கேட்டால் கிடைக்கும் என்று சுவரில் எழுதியிருக்கிறது, தமிழுக்கு யாரும் வரவில்லை. பிரெஞ்சு தெரிந்த தம்பி இல்லாத அக்காக்கள் என்ன செய்வார்கள்?

ஸ்கேன் மையத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன், கேள்வித்தாளின் நகலோடு. வருந்துகிறோம் என்று ஒரு பக்கம் பதில் வந்தது. இப்போது அங்கே கொடுக்கும் காகிதத்தில் இரவு எண் ஒன்றும் அச்சாகியிருக்கிறதாம், கடைக்கு வந்த ஒருவர் சொன்னார்.

செலவு: கேன்சருக்கு ஆ.எல்.தே (நீண்டகால நோய்க்கான சலுகை) விண்ணப்பத்தைக் குடும்ப டாக்டர் அனுப்பி வைத்தால், அந்த நோய்க்கான சிகிச்சைச் செலவைக் காப்பீடு அதன் கட்டண விகிதத்துக்கு நூறு சதவீதம் ஏற்கும். முதல் சந்திப்புக்கு முன்பே அதை முடித்துவிடுங்கள், கார்த் வித்தால் என்கிற காப்பீட்டு அட்டையையும் மருந்துக் கடையில் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் டாக்ஸிக்கான தாளைப் பயணத்துக்கு முன்னால் டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும். பின்னால் வாங்கினால் பணம் திரும்பாது.